சாயத்தின் உடன்பிறப்பு: டி.ஓ.எம். என்னும் மயக்கப் பொருளின் வரலாறு

பல்லடத்திலும் அதன் சுற்றூர்களிலும் விசைத்தறியில் நெய்யப்படும் காடாத் துணிக்கு நிறமில்லை. திருப்பூரில் பின்னப்படும் பனியன் துணியும் அவ்வாறே வெளுப்பாகவே பொறியினின்று இறங்குகிறது. சாயப்பட்டறைக்குச் சென்று திரும்பிய பின்னரே துணி சந்தைக்கு உரியதாகிறது. அந்தச் சாயத்தை ஈன்ற வேதியியல், ஏறக்குறைய அதே தலைமுறையில், அதே ஆசிரியரின் ஆய்வுக்கூடத்தில், வேறொரு குடும்பத்தையும் ஈன்றது. அதுவே அம்ஃபிட்டமின் என்னும் பொருள்களின் குடும்பம். விழிப்பூட்டும் மருந்தாகப் பிறந்து, போர்க்களத்திற்குச் சென்று, பின்னர் தொழிற்சாலைக்குள் நுழைந்து, இறுதியில் புலன்களையே மாற்றிக் காட்டும் மயக்கப் பொருளாக வடிவெடுத்த அக்குடும்பத்தின் கிளையொன்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். டி.ஓ.எம். என்றும், தெருவழக்கில் எஸ்.டி.பி. என்றும் வழங்கும் அப்பொருளின் பெயரை நம் வாசகருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் 1963 முதல் 1967 வரையுள்ள அதன் சிறு வரலாற்றில், பிற்காலத்தில் வேறு பெயர்களோடு வந்த பொருள்கள் யாவும் கடந்த வழியை நாம் தெளிவாகக் காணக்கூடும்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுவது முறை. டி.ஓ.எம். பல்லடத்தின் பொருளன்று. இவ்வட்டாரத்தில் செய்தித்தாள் வாயிலாக நாம் அடிக்கடி அறிவன கஞ்சாவும், வலிநீக்கி மாத்திரைகளின் தகாத பயன்பாடுமே. எனினும் "புதிதாக ஏதோ மாத்திரை வந்திருக்கிறதாம்" என்ற அச்சம் பெற்றோரிடையே பரவும்போது, அந்த 'ஏதோ' என்பது எங்கிருந்து வந்தது என்று அறிந்திருப்பது சபைக்கும் ஊருக்கும் நலம். அன்றியும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தறிக்கூடங்களில் வேலை செய்யும் இளைஞனையும், வடுகபாளையத்தில் பிறந்து வளர்ந்த இளைஞனையும் ஒருங்கே பிணிக்கும் சட்டம் ஒன்றுண்டு. அச்சட்டத்தின் அட்டவணையில் டி.ஓ.எம். பெயரோடு இடம்பெற்றுள்ளது.

ஹோஃப்மனின் மாணாக்கர்

1856ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், இலண்டனில் பதினெட்டு வயதான வில்லியம் பெர்கின் என்னும் மாணவன் மலேரியாக் காய்ச்சலுக்குரிய குயினைனைச் செயற்கையாக உண்டாக்க முயன்றான். கிடைத்தது குயினைன் அன்று. பட்டைச் செந்நீலமாக்கும் ஒரு சாயம். தார்க்கழிவிலிருந்து பிறந்த செயற்கைச் சாயத்தொழில் இவ்வாறு தோன்றிற்று. பெர்கினின் ஆசிரியர் அவுகுஸ்து வில்ஹெல்ம் ஹோஃப்மன் என்னும் ஜெர்மானியர். (எல்.எஸ்.டி.யைக் கண்டறிந்த ஆல்பர்ட் ஹோஃப்மன் இவரல்லர். அவர் பிற்காலத்துச் சுவிட்சர்லாந்துக்காரர். பெயரொற்றுமையால் மயங்குவோர் பலர்.) அம்மோனியாவிலிருந்து பிறக்கும் 'அமீன்' என்னும் சேர்மங்களை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் இவர். 1865இல் பெர்லினுக்குச் சென்றபின் இவரிடம் பல நாட்டு மாணாக்கர் பயின்றனர்.

அவர்களுள் இருவர் நம் வரலாற்றுக்கு உரியவர். ஒருவர் ஜப்பானியரான நாகாய் நாகயோஷி. தம் நாடு திரும்பிய பின், சீன மருத்துவத்தில் 'மா ஹுவாங்' எனப்படும் செடியிலிருந்து 1885இல் எபிட்ரின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து 1893இல் மெத்தம்ஃபிட்டமினை உருவாக்கினார். மற்றவர் ருமேனியரான லாசர் எடெலெயானு. 1887இல் பெர்லினில் முனைவர் பட்டத்திற்கு அளித்த ஆய்வில் இவர் ஓர் அமீனை உருவாக்கினார். அதுவே பின்னாளில் அம்ஃபிட்டமின் எனப் பெயர் பெற்றது. அது மனித உடலில் என்ன செய்யும் என்று அவர் பார்க்கவில்லை. பெட்ரோலியம் தூய்மைப்படுத்தும் முறையொன்றினாலேயே அவர் பெயர் நிலைத்தது. சாயத்தின் தந்தையும், விழிப்பு மருந்தின் தந்தையர் இருவரும் ஒரே ஆசிரியரின் மாணாக்கர் என்பது தற்செயலன்று. தாரிலிருந்து அமீனும், அமீனிலிருந்து நிறமும் மருந்தும் எடுக்கும் கலை அன்று ஒரே கலையாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மானியச் சாயங்கள் சென்னை மாகாண நெசவாளரிடம் வந்து, சாயவேரைப் படிப்படியாக ஒதுக்கிவிட்டன. அக்காலத்தில் திருப்பூர் பல்லடம் வட்டத்துக்குட்பட்ட ஓர் ஊர். 1925 வாக்கில் அங்குப் பின்னலாடைத் தொழில் தொடங்கிற்று. வட்டத் தலைநகரை விஞ்சி வளர்ந்தது. 2009இல் மாவட்டத்திற்கே தன் பெயரைக் கொடுத்தது. பல்லடமோ காடாவுக்கும் கோழிப்பண்ணைக்கும் பெயர்பெற்று நின்றது. இடையில் 1994இல் ஜெர்மனி, சில தீய அமீன்களை வெளியிடும் அசோ சாயங்கள் தோய்ந்த துணிகளைத் தடைசெய்தபோது ஏற்றுமதியாளர் பட்ட கலக்கத்தை இவ்வட்டாரத்து முதியோர் அறிவர். இந்தியாவும் 1997இல் அத்தகைய சாயங்களைத் தடைசெய்தது. தான் பெற்றெடுத்த அமீனைக் கண்டு ஜெர்மனியே கதவடைத்த கதை அது. சாயக்கழிவால் நொய்யல் அடைந்த நிலையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் யாவரும் அறிந்தவை. அவற்றை இங்கு விரிக்க வேண்டுவதில்லை.

விழிப்பு ஒரு சரக்கானது

எடெலெயானுவின் அமீன் நாற்பதாண்டுகள் எவராலும் தீண்டப்படாமல் கிடந்தது. அதனை எழுப்பியது ஆஸ்துமா. 1924இல் பீக்கிங் நகரில், மிஷனெரிச் சங்கங்கள் கூடி நிறுவிப் பின்னர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்த மருத்துவக் கல்லூரியில், கே. கே. சென், கார்ல் ஷ்மித் என்னும் இருவர் எபிட்ரினின் மருத்துவப் பயனை வெளியிட்டனர். நம் நாட்டில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ராம்நாத் சோப்ரா, இமயச் சரிவுகளில் வளரும் எபிட்ராச் செடியை ஆராய்ந்தார். வேதகாலத்துச் சோமம் இச்செடியே எனச் சில அறிஞர் கருதுவர். வேறு சிலர் மறுப்பர்.

செடியை நம்பியிருந்தால் மருந்து விலை ஏறும். ஆகவே செயற்கை மாற்றுப் பொருளைத் தேடிய கார்டன் அலெஸ் என்னும் அமெரிக்கர், 1927இல் அம்ஃபிட்டமினை மீண்டும் உருவாக்கினார். 1929இல் தம் உடலிலேயே அதைச் செலுத்திப் பார்த்தார். 1930களில் பென்செட்ரின் என்ற பெயரில் மூக்கடைப்புக்கு முகரும் குழலாக அது கடைக்கு வந்தது. பின்னர் மனச்சோர்வு, ஓயாத உறக்கம் ஆகியவற்றுக்கும் மாத்திரையாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ், அமெரிக்கப் படைகள் பென்செட்ரினையும், ஜெர்மானியப் படை பெர்விட்டினையும் வீரர்க்கு வழங்கின.

நம் வட்டாரத்தார் சிறப்பாகக் கருதத்தக்கது ஜப்பானின் அனுபவமே. அங்கு 1941இல் மெத்தம்ஃபிட்டமின் 'பிலோபோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. படைவீரருக்கு மட்டுமன்றி, போர்த்தளவாடத் தொழிற்சாலைகளில் இராப்பணி செய்தோருக்கும் அது கொடுக்கப்பட்டது. போர் முடிந்ததும் இராணுவக் கிடங்குகளிலிருந்த மாத்திரைகள் சந்தைக்குக் கசிந்தன. பசியும் தோல்வியும் சூழ்ந்த நாட்டில் இலட்சக்கணக்கானோர் அதற்கு அடிமையாயினர். 1951இல் அரசு தனிச்சட்டம் இயற்றித் தடுக்க வேண்டியதாயிற்று. உறங்க வேண்டிய உடலை உறங்காமல் வைத்தது தொழிற்சாலை. அவ்வுடல் உறங்காப் பொருளைத் தானே தேடத் தொடங்கியபின் குற்றவாளி என்றது அரசு. இவ்விரண்டிற்கும் இடையே கழிந்தது பத்தாண்டுக் காலமே. ஒன்றரை ஷிப்டு என்னும் சொல் அன்றாட வழக்காகிவிட்ட திருப்பூர், பல்லடம் பகுதியில், பன்னிரண்டு மணிநேரம் நின்று வேலை செய்பவனின் களைப்பை யார் கணக்கிடுகிறார் என்று நாம் கேட்டாக வேண்டும். அங்கு விற்பது தேநீரும் புகையிலையுமாயினும் கேள்வி அதுவே.

ஐயாயிரம் மாத்திரைகள்

அம்ஃபிட்டமின் மூலக்கூறில் ஒரு வளையமுண்டு. அவ்வளையத்தில் வேறு அணுத்தொகுதிகள் சேருமாயின், விழிப்பூட்டும் பொருள் மனக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் பொருளாக மாறக்கூடும். இதன் முதற்குறியை 1930இலேயே அலெஸ் கண்டார், எம்.டி.ஏ. என்னும் பொருளை உட்கொண்டு தம் புலன்கள் திரிவதைக் குறித்து வைத்தார். எம்.டி.எம்.ஏ. எனப்படும் அதன் நெருங்கிய உறவினையோ, ஜெர்மனியின் மெர்க் கம்பெனியில் அன்டன் கோலிஷ் என்பவர் அதற்கு முன்பே உருவாக்கியிருந்தார். குருதிப்போக்கை நிறுத்தும் மருந்தைத் தேடும் வழியில் அது இடைப்பொருளாகக் கிடைத்தது. 1912 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தின நாளில், காப்புரிமைக்கு விண்ணப்பம் செய்யப்பட்டது. கோலிஷ் முதலாம் உலகப்போரில் மாண்டார். தாம் செய்தது இன்னதென்று அவர் அறியவேயில்லை.

இக்கிளையை முறையாக ஆராய்ந்தவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷுல்கின். டௌ கெமிக்கல் கம்பெனியில் பணியாற்றிய இவர், செக்ட்ரான் என்ற பூச்சிமருந்தை உருவாக்கிக் கம்பெனிக்கு ஆதாயம் தேடித்தந்தார். அதற்குக் கைம்மாறாக, விரும்பியதை ஆராயும் உரிமை அவருக்குக் கிடைத்தது. (வியட்நாம் போருக்கு நேபாம் தயாரித்ததும், 2001இல் யூனியன் கார்பைடை வாங்கியதும் இக்கம்பெனியே.) பெயோட்டிக் கள்ளிச்செடியின் சத்தான மெஸ்கலினை 1960இல் உட்கொண்டது அவரது ஆராய்ச்சியின் திசையை மாற்றிற்று. அக்கள்ளியைத் திருவிருந்துப் பொருள்போல் பயன்படுத்தும் அமெரிக்கப் பழங்குடியினரின் சபை 1918இல் ஒக்லஹோமாவில் சட்டப்படி பதிவு பெற்றது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மெஸ்கலினின் அமைப்பையும் அம்ஃபிட்டமினின் அமைப்பையும் இணைத்துப் பல பொருள்களை ஷுல்கின் உருவாக்கினார். முதலில் டி.எம்.ஏ.; 1963இல் டி.ஓ.எம். அளவில் மிகச் சிறியதாயினும் டி.ஓ.எம்.மின் ஆற்றல் மிகப் பெரிது. மூன்று முதல் பத்து மில்லிகிராம் வரையே போதுமென்று பின்னர் அவர் எழுதினார்.

1967ஆம் ஆண்டு ஜூன் 21 அன்று, சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவில் கோடைவிழாவுக்குக் கூடிய இளைஞரிடையே ஏறத்தாழ ஐயாயிரம் மாத்திரைகள் வழங்கப்பட்டன. கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்ட அவை ஒவ்வொன்றிலும் இருபது மில்லிகிராம் டி.ஓ.எம். இருந்தது. எஸ்.டி.பி. என்ற பெயர் ஒரு மோட்டார் எண்ணெய் மருந்தின் வணிகப் பெயர். அதனை நிம்மதி, சாந்தம், சமாதானம் எனப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் சுருக்கமென இளைஞர் விரித்துக்கொண்டனர். சமாதானம் என்னும் சொல் இதைவிட மலிவாக விற்கப்பட்டதில்லை.

நேர்ந்தது யாதெனில், இப்பொருள் மிக மெதுவாகவே வேலை செய்யத் தொடங்கும். எல்.எஸ்.டி.க்குப் பழகியிருந்தோர், ஒரு மணிநேரம் கழிந்தும் ஒன்றும் நிகழாமையால், இன்னொரு மாத்திரையை விழுங்கினர். பின்னர் இரண்டும் சேர்ந்து எழுந்தன. மயக்கம் ஓர் இரவோடு முடியவில்லை. இருபது மணிநேரமும் அதற்கு மேலும் நீடித்தது. இது இனித் தீராது, அறிவு திரும்பாது என்ற பேரச்சத்தோடு பலர் மருத்துவமனைகளுக்கு ஓடினர். டேவிட் ஸ்மித் என்னும் இளம் மருத்துவர் அந்நகரின் ஹெயிட்-ஆஷ்பரி பகுதியில் இலவச மருத்துவமனையைத் திறந்து அன்றைக்கு இரண்டு வாரமே ஆகியிருந்தது. குளோர்புரோமசின் கொடுத்தால் நிலை மோசமாகும் என்ற பேச்சு மருத்துவரிடையே பரவிற்று. பின்னர் நடந்த ஆய்வு அதை உறுதிசெய்யவில்லை. அக்குளோர்புரோமசினும் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தின் வழித்தோன்றலே என்பதை இங்குச் சொல்லாமல் விட மனமில்லை. நோயும் மருந்தும் ஒரே பட்டறையிலிருந்து வந்தன.

அந்நாளைய தீங்கிற்குக் காரணம் பொருளின் இயல்பு மட்டுமா? எமது கருத்து அதுவன்று. விழுங்கியவர்க்கு அளவு தெரியாது. கொடுத்தவர்க்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரியாது. சிகிச்சை செய்தவர்க்கோ பொருளின் பெயரே தெரியாது. பெயரில்லாத மாத்திரையில் எப்போதும் முதலில் கொல்வது இந்த அறியாமையே. பிற்காலத்தில் எம்.டி.எம்.ஏ. என்று நம்பி வேறு பொருள்களை விழுங்கி மாண்ட இளைஞரின் கதையும் இதனின்று வேறுபட்டதன்று.

இறையியற் கல்லூரிகளுக்கு இவ்வரலாற்றில் ஒரு பங்குண்டு என்பதையும் மறைத்தலாகாது. 1962 ஏப்ரல் 20, பெரிய வெள்ளிக்கிழமையன்று, போஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் சிற்றாலயத்தில் வால்டர் பாங்கே என்பவர் இருபது இறையியல் மாணவரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பதின்மருக்கு சைலோசிபின், ஏனைய பதின்மருக்கு நிக்கோடினிக் அமிலம். மேலே ஹவர்ட் தர்மன் பிரசங்கித்தார். 1936இல் இந்தியாவில் காந்தியடிகளைச் சந்தித்த கறுப்பின அருட்பணியாளர் இவரே. மருந்து பெற்றோருள் பெரும்பாலோர் ஆழ்ந்த சமய அனுபவம் அடைந்ததாக ஆய்வு கூறிற்று. ஆயின் மாணவருள் ஒருவர் கட்டுக்கடங்காமற் போனதும், அவரை அடக்க ஊசிமருந்து செலுத்தப்பட்டதும் அந்த ஆய்வேட்டில் சொல்லப்படவில்லை. 1991இல் வெளியான மறுஆய்வே அதை வெளிக்கொணர்ந்தது. பொருள் வேறாயினும், அனுபவம் மெய்யா பொய்யா என்ற விவாதத்தைக் காட்டிலும் இந்த மறைப்பே எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பட்டியலும் தராசும்

பூங்காவில் நடந்ததை உலக அரசுகள் மறக்கவில்லை. 1971 பிப்ரவரி 21இல் வியன்னாவில் ஏற்கப்பட்ட மனநிலை மாற்றும் பொருள்கள் பற்றிய உடன்படிக்கையில், மிகக் கடுமையான முதற்பட்டியலிலேயே டி.ஓ.எம். சேர்க்கப்பட்டது. இந்தியா 1975இல் அதில் இணைந்தது. ஆனால் உள்நாட்டில் நம்மிடம் இருந்தவை 1857, 1878ஆம் ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும், 1930இன் அபாயகர மருந்துகள் சட்டமுமே. செயற்கைப் பொருள்களுக்கு அவற்றில் போதிய இடமில்லை. 1985 செப்டம்பர் 16இல் ஒப்புதல் பெற்று, நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்த போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அக்குறையை நீக்கிற்று. எஸ்.டி.பி., டி.ஓ.எம். என்ற பெயர்கள் அதன் அட்டவணையில் ஏறின. கலிபோர்னியப் பூங்காவில் ஒரு நாள் நிகழ்ந்தது, பதினெட்டாண்டுகளில் பல்லடத்தின் சட்டமுமாயிற்று.

முதலில் அச்சட்டம் அளவை அதிகம் பார்க்கவில்லை. சொந்தப் பயனுக்கான சிறு அளவு நீங்கலாக, பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது பத்தாண்டுத் தண்டனை. 2001இல் வந்த திருத்தமே சிறிய அளவு, வணிக அளவு என்ற படிகளை வகுத்தது. எம்.டி.எம்.ஏ.க்குச் சிறிய அளவு அரை கிராம், வணிக அளவு பத்து கிராம். அம்ஃபிட்டமினுக்கு இரண்டு, ஐம்பது. 1929இல் ஒரு வேதியியலாளர் உருவாக்கி மறக்கப்பட்டு, இந்நூற்றாண்டில் இந்திய நகரங்களில் பரவிய மெஃபிட்ரோன் 2015 பிப்ரவரியில் அட்டவணைக்குள் வந்தது. அம்ஃபிட்டமினின் ஒன்றுவிட்ட உறவினை என்று அதனைச் சொல்லலாம். அதாவது, வேதியியலாளர் ஓர் அணுவை மாற்றுகிறார். அரசு ஒரு வரியைச் சேர்க்கிறது. இப்போட்டியில் அரசு எப்போதும் பின்னேதான் ஓடுகிறது.

இச்சட்டத்தின் கடுமையில் மூன்றினைப் பல்லடத்தார் அறிந்திருப்பது நன்று. பொருளை வைத்திருந்தவன் அறிந்தே வைத்திருந்தான் என்று நீதிமன்றம் முதலில் ஊகிக்கும். அறியாமையை மெய்ப்பிக்க வேண்டியவன் அவனே. யாரோ கொடுத்த பொட்டலத்தைப் பேருந்தில் சுமந்து வந்த கூலிக்காரனுக்கு இது எத்தகைய சுமை என்பது சொல்லாமலே விளங்கும். வணிக அளவாயின், அவன் குற்றமற்றவன் என்று நம்ப இடமுண்டு என நீதிபதி கருதினாலன்றி, முப்பத்தேழாம் பிரிவின்படி பிணை கிடையாது. அத்துடன், கலவைப் பொருளில் மாவும் சுண்ணமும் சேர்ந்த மொத்த எடையே கணக்கு என 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தராசு மயக்கத்தையும் மாவையும் வேறு பிரிக்காது. தமிழ் அறியாத, ஊரில் உறவற்ற தொழிலாளி ஒருவன் இவ்விதிகளுக்குள் அகப்படும்போது, அவனுக்காக நீதிமன்றத்தில் நிற்க யாருமிருப்பதில்லை.

மறுபுறம், 1985இல் எம்.டி.எம்.ஏ.யைத் தடைசெய்த அமெரிக்காவில், அதனை மனக்காயம் பட்டோர்க்கு மருந்தாக்கும் முயற்சி நெடுங்காலம் நடந்தது. 2024 ஆகஸ்டில் அந்நாட்டு மருந்து ஆணையம் அதை ஏற்க மறுத்தது. ஆஸ்திரேலியாவோ 2023 ஜூலை முதல் கட்டுப்பாட்டோடு அனுமதித்துள்ளது. ஷுல்கின் 2014இல் காலமானார். டி.ஓ.எம்.முக்கு இத்தகைய பரிந்துரையாளர் எவரும் கிடைக்கவில்லை. அதன் நீண்ட மயக்கமே அதற்குத் தடையாயிற்று.

இச்சட்டத்தில் அதிகம் படிக்கப்படாத பிரிவு அறுபத்துநான்கு-ஏ. போதைக்கு அடிமையான ஒருவன் தன் சொந்தப் பயனுக்காகவோ சிறிய அளவு தொடர்பாகவோ குற்றம் சாட்டப்பட்டிருந்து, அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்ற மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற முற்பட்டால், அவன்மீது வழக்குத் தொடர வேண்டுவதில்லை என்று அது கூறுகிறது. சிகிச்சையை நடுவில் விட்டால் அவ்விலக்கைத் திரும்பப் பெறலாம். முதல் தகவலறிக்கை பதிவான நாளிலேயே இதனைக் குடும்பத்தார்க்குச் சொல்லக்கூடியவர் அருகிலுள்ள வழக்கறிஞரோ, தொழிற்சங்கத்தாரோ, சபை ஊழியரோ ஆவர்; காவல் நிலையம் அதைச் சொல்லக் கடமைப்பட்டதாகக் கருதுவது அரிது.